மூலமும் இயக்கமும்

வடலூரில் மாதம் இருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்திற்கு ஒரு பழைய மேசைக் கணினி நன்கொடையாக வந்து சேர்ந்தது. கொடுத்தவர் தம் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டே கொடுத்தார். வன்தட்டு வெறுமையாக இருந்தது. எந்த இயங்குதளத்தை அதில் நிறுவுவது என்ற கேள்வி எழுந்தது. கடையில் கொடுத்தால் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய இந்த வேலையைப் பற்றி நாங்கள் மூன்று அமர்வுகள் பேசினோம். நாவலும் கவிதையும் பேசவேண்டிய நேரத்தை இதற்குச் செலவிடலாமா என்று, வர இயலாத நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லும் விடையாகவும், வேறு ஊர்களில் இதே போன்ற வட்டங்களை நடத்துவோருக்குப் பயன்படக்கூடும் என்பதாலும் இதை எழுதுகிறோம்.

இக்கேள்வியோடு இன்று பலரும் இருக்கக்கூடும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளை என்ன செய்வது என்ற பேச்சு அதனால் எங்கும் எழுந்தது. ஆனால் எங்கள் விவாதம் அங்கிருந்து தொடங்கவில்லை. ஒரு காலணிப் பெட்டியிலிருந்து தொடங்கியது.

அந்தப் பெட்டியில், எங்களுக்கு முன் இவ்வட்டத்தை நடத்தியவர்கள் 1998 முதல் 2003 வரை கொண்டுவந்த சிற்றிதழின் நெகிழ்வட்டுகளும் குறுந்தகடுகளும் இருந்தன. வெளிவந்தவை பதினான்கு இதழ்கள். அச்சுப் பிரதியாக எங்களிடம் எஞ்சியவை ஒன்பது. மற்ற ஐந்தில் என்னென்ன கதைகள் வந்தன என்பது எழுதியவர்களுக்கே மறந்துபோயிருந்தது. வட்டுகளில் பெரும்பாலானவற்றைப் படிக்க முடிந்தது. கோப்புகளும் இருந்தன. திறந்தால் திரையில் தெரிந்தவை ஆங்கில எழுத்துகளும் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கலந்த ஒரு குவியல்.

அக்காலத்தில் அச்சுக்கோப்புத் தொழிலில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். தமிழ் எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவர் ‘க’வுக்குத் தந்த எண்ணை மற்றொருவர் ‘ழு’வுக்குத் தந்திருப்பார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றுள் எவ்வளவோ, தத்தம் எழுத்துருவை நம்பியே உயிர் வைத்திருந்தன. எங்கள் இதழைத் தட்டச்சிட்ட கடையில் எழுத்துரு ஒரு வன்பூட்டோடு வந்ததாம். அந்தச் சிறு பொருளைக் கணினியின் பின்புறம் செருகினால்தான் எழுத்து தெரியும். கடை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. பூட்டு எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது.

இதே ஊரோடு தொடர்புடைய இன்னொரு நூலை இங்கே நினைத்துக்கொண்டோம். வள்ளலாரின் திருவருட்பா முதன்முதலில் அச்சேறியது 1867-இல். அவர் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்த முதற்பதிப்பின் ஒரு படி கிடைத்தால், எழுத்தறிந்த எவரும் இன்று அதைத் திறந்து படிக்கலாம். பதிப்பித்தவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எந்தப் பூட்டையும் தேட வேண்டியதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஏடு, கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட எங்கள் எழுத்தைவிட எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த முரண்தான் எங்களை மூன்று அமர்வுகள் உட்கார வைத்தது.

*

எழுத்துருப் பூட்டுக்கும் இயங்குதளத்துக்கும் என்ன தொடர்பு என்று எங்களுள் மூத்தவரான தமிழாசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப்போய், தமிழ்ப் பதிப்புலகம் நன்கறிந்த ஒரு சொல்லில் வந்து நின்றோம். ‘மூலமும் உரையும்’ என்று நூலின் முகப்பில் அச்சிடுவது நம் மரபு. உரையாசிரியர் எவ்வளவு பெரியவராயினும் மூலத்தை மறைத்துவைத்து உரையை மட்டும் தருவதில்லை. மூலம் கையில் இருப்பதால்தான் உரையை ஏற்கவோ மறுக்கவோ வேறோர் உரை எழுதவோ நம்மால் முடிகிறது. திருவருட்பாவை ஊரன் அடிகள் 1972-இல் காலமுறைப்படி வரிசைப்படுத்திப் பதிப்பிக்க முடிந்ததும், மூலம் பூட்டப்படாமல் இருந்ததால்தான்.

மென்பொருளுக்கும் மூலம் உண்டு. மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல். அதைக் கணினிக்கு விளங்கும் எண்களாக மாற்றியதே நாம் நிறுவி இயக்குவது. பெரும்பாலான வணிக மென்பொருள்களில் நமக்குக் கிடைப்பது இரண்டாவது மட்டும். இயக்கம் தெரியும், மூலம் தெரியாது. எங்கள் சிற்றிதழின் எழுத்துரு செய்ததும் இதுவே. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை விற்றவரிடம் தங்கிவிட்டது. இயங்குதளமோ மற்ற எல்லா மென்பொருளும் நிற்கும் தரை. தரையே பிறர் பூட்டில் இருக்கையில் மேலே எழுப்பும் வீட்டைப் பற்றி என்ன உறுதி சொல்ல முடியும்?

இது முதலில் உறைத்த இடம் ஓர் அச்சுப்பொறி. 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் ஒன்றுக்குப் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அங்கே பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், காகிதம் சிக்கினால் பயனருக்குச் செய்தி போகும்படி பழைய பொறியின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறிக்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரைக் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். இந்த நிகழ்ச்சி மனத்தில் தைத்ததை ஸ்டால்மன் பின்னர்ப் பலமுறை கூறியிருக்கிறார். 1983 செப்டம்பரில், முழுவதும் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அவர் அறிவித்தார். அதற்குக் குனு என்று பெயர். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், 1992-இல் குனுவின் பொது உரிமத்தின் கீழ் வந்தது. இரண்டும் சேர்ந்தபோது தரை முழுமையாயிற்று.

இந்தக் கதையைப் பொறியியல் படிக்கும் இளைஞர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நெய்வேலிச் சுரங்கப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் இடைமறித்தார். “ஜெர்மன்காரன் எந்திரத்தையே நாங்க பிரிச்சுப் போட்டு மாட்டியிருக்கோம், தம்பி. வரைபடம் குடுக்காம எந்திரத்த மட்டும் குடுத்திருந்தான்னா என்ன செஞ்சிருப்போம்? ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தந்தி அடிச்சிட்டு உக்காந்திருக்கணும்.” கட்டற்ற மென்பொருளுக்கு இதைவிட எளிய விளக்கத்தை நாங்கள் கேட்டதில்லை.

கட்டற்ற மென்பொருள் என்பதற்கு நான்கு உரிமைகளை இலக்கணமாகச் சொல்கிறார்கள். நிரலாளர் வழக்கப்படி பூச்சியத்திலிருந்து எண்ணுகிறார்கள். எந்த நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை. உள்ளே எப்படி இயங்குகிறது என்று கற்று மாற்றிக்கொள்ளும் உரிமை. படியெடுத்து அடுத்தவருக்குத் தரும் உரிமை. திருத்திய வடிவத்தை ஊருக்கு வெளியிடும் உரிமை. படித்தல், ஆராய்தல், படியெடுத்தல், திருந்திய பதிப்பு வெளியிடுதல் என்று இவற்றைச் சுவடி உலகின் மொழியில் சொல்லலாம். இந்நான்கும் இல்லாதிருந்தால் சங்க நூல்கள் ஓலையைத் தாண்டி நம்மிடம் வந்திருக்க வாய்ப்பில்லை.

*

இங்கே ஒரு சொல்லாராய்ச்சியும் நடந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், விலையின்மையையும் விடுதலையையும் ஒருசேரக் குறிக்கிறது. அக்குழப்பத்தைத் தீர்க்க அவர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிவருகிறார்கள். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு. மலையாளத்தாரும் ‘ஸ்வதந்திர’ என்றே சொல்கிறார்கள். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. கேரளத்துப் பள்ளிகளின் கணினிக் கல்வியும் பின்னர் இவ்வழிக்கு வந்தது.

சொல் தெளிவாக இருந்தும் நம் நடைமுறையில் குழப்பம் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்திற்கு ‘விலையில்லா மடிக்கணினி’ என்று பெயர். தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அருகருகே இருந்தன. எங்கள் வட்டத்தின் இளையோர் சிலர் லினக்ஸ் என்ற பெயரையே அங்குதான் முதலில் கண்டார்கள். விலையில்லா என்பது பயனர் தந்த பணத்தைப் பற்றிய சொல். அவ்வகையில் இரண்டும் மாணவருக்கு ஒன்றே. பிரித்துப் பார்க்கவும் அடுத்தவருக்குப் படியெடுத்துத் தரவும் இரண்டில் எது இடம் தந்தது என்பதை அச்சொல் சொல்லாது. அதைச் சொல்லத்தான் ‘கட்டற்ற’ என்ற சொல் வேண்டியிருக்கிறது. ஸ்டால்மனே 1985-இல் தம் ஈமாக்ஸ் தொகுப்பியை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். விலை இருந்தது, கட்டு இல்லை.

வடலூர்க்காரர்களுக்கு உடனே தருமச்சாலைதான் நினைவுக்கு வரும். விலையோ சாதியோ சமயமோ கேட்காமல் சோறிடும் இடம். இந்த ஒப்புமை பாதி தூரம் வரை பொருந்துகிறது. சோறு உண்டவுடன் தீரும். மென்பொருள் படியெடுத்தாலும் குறையாது. உண்டவருக்குச் சமையல் தெரிய வேண்டியதில்லை. இங்கோ சோற்றோடு சமைக்கும் முறையும் சேர்த்துத் தரப்படுகிறது. விரும்பினால் நீங்களும் உங்கள் தெருவில் அடுப்பு மூட்டலாம்.

*

தேர்வுக்கு வந்தோம். முதலில் ‘பாஸ்’ முன்மொழியப்பட்டது. 2007-இல் முதற்பதிப்பு கண்ட, இந்திய மொழிகளைக் கருத்தில் கொண்டு உருவான தொகுப்பு. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அப்படியானால் டெபியனையே எடுத்துக்கொள்ளலாமே என்றார் மாணவர். 1993-இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர் சமூகமே நடத்திவரும் தொகுப்பு அது. எங்கள் விவாதம் சூடுபிடித்தது மூன்றாவது தேர்வான டிரிஸ்குவெல்லில்தான். ஸ்பெயினின் கலீசியப் பகுதியில், வீகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய தொகுப்பு. மூலநிரல் இல்லாத ஒரு துணுக்கைக்கூட உள்ளே விடுவதில்லை என்பது அதன் கொள்கை.

லினக்ஸ் கெர்னலிலேயே கட்டுள்ள துணுக்குகள் உண்டு என்பது எங்களுள் பலருக்குப் புதிய செய்தி. கம்பியில்லா இணைய அட்டை, வரைகலை அட்டை போன்றவற்றை எழுப்ப, அவற்றின் தயாரிப்பாளர்கள் நிலைப்பொருள் என்னும் சிறு கோப்புகளைத் தருகிறார்கள். பலவற்றுக்கு மூலநிரல் கிடையாது. டிரிஸ்குவெல் போன்றவை இவற்றை நீக்கிய லினக்ஸ்-லிப்ரே கெர்னலைப் பயன்படுத்துகின்றன. டெபியனும் 2011-இல் வந்த தன் ஆறாம் பதிப்பில் இவற்றைக் கெர்னலிலிருந்து பிரித்து ஒதுக்கியிருந்தது. 2022-இல் தன் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்தி, நிறுவும் வட்டிலேயே அவற்றைச் சேர்க்க முடிவெடுத்தது. 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பு அப்படித்தான் வந்தது. அம்முடிவுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஒலி அட்டை எழும்பாவிட்டால் பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் துணையோடு இயங்குதளத்தை நிறுவவே இயலாது.

தமிழாசிரியை இக்காரணத்தை எடுத்துக்கொண்டார். “நூத்துக்கு நூறு சுத்தம் பாத்தா ஊர்ல ஒரு கெணத்துத் தண்ணியும் குடிக்க முடியாது. தொண்ணூத்தஞ்சு போதாதா?” என்று கேட்டார்.

ஃபிட்டர் நண்பர் சொன்னார்: “டீச்சர் சொல்றது சரிதான். ஆனா அந்த அஞ்சு எங்க இருக்குன்னு நமக்குத் தெரியணும் இல்லீங்களா?”

எங்கள் முடிவு இந்தப் பதிலிலிருந்தே பிறந்தது. நெய்வேலியைச் சுற்றி வாழ்பவர்களுக்கு, மேலே தெரியும் மண்ணும் அடியில் கிடப்பதும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முந்திரித் தோப்பும் வீடும் மேலே இருக்கும்; அடியில் இருக்கும் பழுப்பு நிலக்கரிதான் அந்த ஊரின் கதியைத் தீர்மானிக்கும். எல்லாம் உடனே வேலை செய்யும் தொகுப்பில் அடியில் இருப்பது கண்ணுக்குப் படாது. முழுதும் கட்டற்ற தொகுப்பில், வேலை செய்ய மறுக்கும் பாகம் எதுவோ அதுவே, எது நம்முடையதல்ல என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். தனியொருவரின் அன்றாடக் கணினிக்கு டெபியனே ஏற்றது என்பதில் எங்களிடையே இன்றும் மறுப்பில்லை. ஆனால் இது பொதுக் கணினி. எங்களுக்குப் பின் வருபவர்களுக்கும் காலணிப் பெட்டியின் கதை நேரக்கூடாது என்பதற்காக வைக்கப்படுவது. ஆகவே டிரிஸ்குவெல்லை நிறுவினோம்.

*

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். எதிர்பார்த்தபடியே கம்பியில்லா இணையம் எழும்பவில்லை. நிலைப்பொருளின் மூலநிரல் 2013-இல் வெளியிடப்பட்ட ஏத்தெரோஸ் ஏ.ஆர். 9271 என்ற சில்லு கொண்ட சிறு யு.எஸ்.பி. அட்டையைத் தேடி வாங்கினோம். அது செருகியவுடன் வேலை செய்தது. செயலியின் உள்நிரலுக்கு அதன் தயாரிப்பாளர் வெளியிடும் திருத்தங்கள், மூலநிரல் இல்லாதவை என்பதால் இத்தொகுப்பில் வருவதில்லை. பாதுகாப்பு நோக்கில் இது ஒரு குறைதான். கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் இன்னும் மூடியபடியே இருக்கிறது. முழு விடுதலை என்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை. எல்லை எதுவரை என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

தமிழ் எழுதுவதில் எங்களுக்கு அச்சம் இருந்தது. அது தேவையற்றதாயிற்று. ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவான எம்17என் என்ற நூலகத்தில் தமிழ் 99, அஞ்சல் முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை எல்லாம் இருக்கின்றன. தட்டச்சுத் தேர்வு எழுதிய தலைமுறையினர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள். எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுவது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகம். ‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னும் கால் பின்னும் போய் நிற்பது அதன் வேலை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் தெரிவதும் அதனால்தான். இந்தப் பெயரைக் கேள்விப்படாமலே கோடிக்கணக்கானோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதழ் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருள் நெடுங்காலம் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கையாளாமல் இருந்தது. ஹார்ஃப்பஸ் இணைந்த பிறகு அந்நிலை மாறி, 2024-இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ்ப் பக்கங்களை ஒழுங்காக அமைக்க முடிகிறது.

இனி அந்த ஐந்து இதழ்கள். கட்டற்ற இயங்குதளத்தை நிறுவியதால் அவை தாமாகத் திறந்துகொள்ளவில்லை. பழைய குறியேற்றங்கள் பலவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி ‘ஓபன் தமிழ்’ என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் இருக்கிறது. எங்கள் எழுத்துரு அதன் பட்டியலில் இல்லை. ஆனால் மூலநிரல் கண்முன் இருந்ததால், மாற்று அட்டவணை எப்படி அமைக்கப்படுகிறது என்று மாணவரால் பார்க்க முடிந்தது. வட்டுகளில், பக்கமாக வடிவமைக்கும் முன் தட்டச்சிட்ட வெறும் உரைக்கோப்புகள் இருந்தன. அச்சில் இருந்த ஒன்பது இதழ்களையும் அவற்றுக்குரிய கோப்புகளையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் குறித்தோம். ஏட்டையும் ஏட்டையும் ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களின் வேலைதான். என்ன, நாங்கள் ஒப்பிட்டது எங்கள் காலத்து எழுத்தை. ‘ஸ்ரீ’யும் சில கிரந்தக் கூட்டெழுத்துகளும் கடைசி வரை இடர் தந்தன. அட்டவணை முடிந்ததும் மூன்று இதழ்கள் திறந்துகொண்டன. அவற்றுள் ஒன்றில், இப்போது உயிரோடில்லாத எங்கள் நண்பர் ஒருவரின் இரண்டு சிறுகதைகள் இருந்தன. அவர் கதை எழுதியிருந்தார் என்பதே அவர் வீட்டாருக்குத் தெரியாது. அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மற்ற இரண்டு இதழ்களின் நெகிழ்வட்டுகள் பூஞ்சை பிடித்துவிட்டன. அதற்கு எந்த இயங்குதளமும் பொறுப்பாகாது.

*

கட்டற்ற மென்பொருளாலும் நிரந்தரம் கிட்டிவிடாது. டிரிஸ்குவெல் போலவே முழுக் கட்டற்ற தொகுப்பாக 2006-இல் தொடங்கிய ஜிநியூசென்ஸ், 2016-இல் நான்காம் பதிப்போடு நின்றுவிட்டது. மூலம் திறந்தே கிடந்தது, பராமரிக்கத்தான் ஆளில்லை. தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்படுகிறது என்றால், நாள்தோறும் யாரோ விறகு வைக்கிறார்கள் என்று பொருள். மென்பொருளின் தமிழ் முகத்துக்கும் அதே நிலைதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கே.டி.இ. பணிச்சூழலைத் தமிழாக்கத் தொடங்கியவர்களும், 2012 முதல் கணியம் இதழின் வழி இவற்றைத் தமிழில் விளக்கிவருபவர்களும் தம் ஓய்வு நேரத்தை விறகாக இட்டவர்கள். பட்டியல்களிலும் பொத்தான்களிலும் தெரியும் தமிழ் சில இடங்களில் கரடுமுரடாக இருப்பதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. சொல்லோடு பழகியவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அங்கே போய் உட்காராதது அதற்கு ஒரு காரணம் என்று எங்களுக்குப் படுகிறது.

ஆகவே எங்கள் அமர்வுகளின் கடைசி அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் தமிழ் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு முறையும் இருபது தொடர்களை எடுத்துப் பேசித் திருத்துகிறோம். ஒரு சொல்லுக்காகச் சண்டை நடக்கிறது. டீச்சர் பெரும்பாலும் வெல்கிறார். எங்கள் எழுத்துருவுக்குச் செய்த மாற்று அட்டவணையை எவரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிட ஆயத்தம் செய்துவருகிறோம். உங்கள் ஊரிலும் ஒரு காலணிப் பெட்டி இருக்கக்கூடும். அதில் இருப்பது பூஞ்சை பிடிக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.